ஏழாம் நம்பர் வீடும் நாலு போர்டும்

உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் ஏறியபோது என் மடியில் ஒரு பிஸ்கட் டின், காலடியில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் என் அண்ணன் முதலமடைத் தோப்பிலிருந்து வாங்கி வந்து கொடுத்த மாம்பழம். டின்னுக்குள் சுருட்டி வைத்த காகித நாடா. கண்டக்டர் பையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். டின்னைத் தூக்கி மேலே வைக்க வந்தபோது, "அதத் தொடாதீங்க" என்று ஒரு போடு போட்டேன். மனிதர் கையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மறையூர் தாண்டும் வரைக்கும் என் பக்கமே திரும்பவில்லை.

டின்னில் இருந்தது ஓட்டைகள்தான். வரிசைக்கு எட்டு ஓட்டை போடலாம்; போட்டால் ஒன்று, போடாவிட்டால் பூஜ்யம். ஆனால் அத்தனை ஓட்டையும் நான் எழுதிய கம்பைலர் போட்டவை. அந்தப் பெருமையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. என் ஊர் பாலக்காட்டு எல்லையோர வடகரப்பதி. கோயமுத்தூரில் கணக்கு எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, அங்கேயே கல்லூரி லேபில் ஓர் ஆராய்ச்சி வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கம்பைலர் என்றால் என்ன என்று அம்மா ஒருமுறை கேட்டாள். "நாம கணக்க எழுத்துல எழுதுனா, மெசினுக்குப் புரியறாப்புல நம்பரா மாத்திக் குடுக்கறதும்மா" என்றேன். "அந்த மெசினுக்கே ரெண்டெழுத்துப் படிக்கச் சொல்லிக் குடுத்தா உனக்கு இத்தன அலைச்சல் இல்லையே கண்ணு" என்றாள்.

மெஷினைச் செய்தவள் என் தோழி. மூணாறுக்கு அருகில் பள்ளிவாசல் என்ற ஊரை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு எங்கள் லேபுக்கு வந்தாள். ஆள் ஒல்லி, வாய் பெரிது. விரல் நுனியெல்லாம் சால்டரிங் சூடு பட்ட தழும்பு. என்னை 'ஏட்டி' என்பாள், நான் அவளைப் 'புள்ள' என்பேன். அவள் பேசுவது திருநெல்வேலித் தாத்தா காலத்துத் தமிழ், நான் பேசுவது எங்கள் கொங்குத் தமிழ். லேபில் மற்றவர்கள் எங்கள் சண்டையைக் கேட்பதற்காகவே டீ நேரத்தில் எங்கள் மேஜைக்கு வருவார்கள்.

மலையில் இருந்த ஓர் அணைக்கு நான்கு ஓடைகளிலிருந்து தண்ணீர் வரும். மேலே பெய்த மழையை வைத்து, அணைக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அப்போதைய குட்டி சில்லு ஒன்றை வைத்து நான்கு ஓடைக்கும் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் வந்தே சேர்ந்துவிடும். அதனால் தோழி நான்கு போர்டுகள் செய்தாள். ஓடைக்கு ஒரு போர்டு. நான்கும் ஒரே நேரத்தில் ஓடும். ஒரே கணக்கை எழுதிக் கொடுத்தால் அதை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு போர்டுக்கும் அதனதன் கட்டளைகளைத் தயாரித்துத் தருவது என் கம்பைலர். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று செய்கிறோம் என்று சொன்னால் எங்கள் கல்லூரியிலேயே பாதிப் பேர் நம்பவில்லை.

ஒவ்வொரு போர்டுக்கும் சொந்தமாக ஒரு சின்ன மெமரி உண்டு. நான்குக்கும் பொதுவாக இன்னொரு மெமரி. மெமரி என்பது வேறொன்றும் இல்லை, வரிசையாக எண் போட்ட அறைகள். அறைக்குள் ஒரு தொகையை வைக்கலாம், பிறகு எடுக்கலாம். சொந்த மெமரியிலும் அறைகள் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். பொது மெமரியிலும் அப்படித்தான். அதனால் 'சொந்தத்தில் எடு', 'பொதுவில் எடு' என்று இரண்டு விதக் கட்டளைகள் வைத்திருந்தோம். எதை எங்கே போடுவது என்று கம்பைலர் பார்த்துக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்லூரியில் சோதித்தபோது நான்கும் பிசகில்லாமல் ஓடின. தோழி போர்டுகளோடு முன்னாடியே மலைக்குப் போய்விட்டாள். கடைசித் திருத்தங்களைச் செய்து, நாடா அடித்து, பின்னாலேயே நான் போகிறேன். திங்கட்கிழமை காலை அணை எஞ்சினீயர் முன்னால் மெஷினுக்குப் பரீட்சை. கணக்குச் சரியாக வந்தால் மெஷின் மலையிலேயே இருக்கும், அதைக் கவனித்துக்கொள்ளத் தோழிக்கு அங்கேயே வேலையும் இருக்கும். சரியாக வராவிட்டால் போர்டுகளை உருவி, சில்லுகளைக் கழற்றி, கல்லூரியில் பிள்ளைகள் படிப்பதற்குக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு அது ஒரு தோல்வியோடு போய்விடும். அவளுக்கு அப்படியில்லை. அப்பா இறந்துவிட்டார். அம்மா கொழுந்து கிள்ளுகிறவர், அந்த வருடத்தோடு வேலையை விட்டு நிற்கிறார். தோட்டத்தில் குடும்பத்தில் ஒருத்தர் பேரிலாவது வேலை இருந்தால்தான் லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் வீடு. அம்மா நின்றால் மகள் பேர் கொடுக்க வேண்டும். பேர் கொடுத்தால் மறுநாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கங்காணி ஏற்கெனவே இரண்டுமுறை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். மெஷின் மலையில் நிலைத்தால்தான் அவளுக்கு வேறு வேலையும் வேறு வீடும். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடாவை மாட்டினோம். அணை அலுவலகமான ஓர் ஓட்டுக் கட்டடத்தின் மாடிப் பின்னறையில், மேஜைமேல் நான்கு போர்டுகளும் நிமிர்ந்து நின்றன. அந்த எஞ்சினீயர் ஒரு மலையாளி, நடுவயது, சாந்தமான ஆள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை எந்த நேரமும் தொடங்கிவிடும் என்பதால் ஞாயிறு என்றும் பாராமல் வந்திருந்தார். மழை அளவுகளை முன்னால் இருந்த சுவிட்சுகள் வழியாகப் பொது மெமரியில் கொடுக்க வேண்டும். வெளியே சுள்ளென்று வெயில். அவர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் கொடுத்தார். விளக்குகள் மின்னின. விடை வந்தது. நான்கு ஓடையிலும் வெள்ளம்.

அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி பூஜ்யம் கொடுத்தார். மறுபடி அதே வெள்ளம். பிறகு கனமழை என்று கொடுத்தார். அப்போதும் அதே வெள்ளம், ஒரு துளி கூடவுமில்லை குறையவுமில்லை.

"மழயில்லல்லோ" என்றார் மெதுவாக. "பின்னே ஈ வெள்ளமெல்லாம் எவிடெ நின்னா?" மழையே இல்லை, இந்தத் தண்ணீரெல்லாம் எங்கிருந்து என்கிறார். காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் தலை மறைந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"உன்ற போர்டுல எங்கியோ கம்பி உட்டுப்போச்சு புள்ள" என்றேன் நான்.

"என் போர்டுல ஒண்ணும் விட்டுப்போவல. உன் கம்பைலர்தான் பினாத்துது. மழய மாத்துனா வெடை மாறணுமா வேண்டாமாட்டி?"

"காலேஜ்ல மாறுச்சே."

"அங்கனயும் இதே போர்டுதான். அப்பம் கம்பி நல்லா இருந்துச்சு, பஸ்ஸுல வரும்போது விட்டுப்போச்சு, அதான சொல்லுத?"

அதைத்தான் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. மீட்டரை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் ஆனது. எனக்குப் பசி வந்தால் கோபம் இரட்டிப்பாகும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எங்கம்மா ஒனக்குன்னு சோறாக்கி வச்சிருக்கும். நீ போய்த் தின்னுட்டு வா. நான் வரல. மேல ஏறுனா லயம் வரும். ஏழாம் நம்பர்." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. யாரையும் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. கால் போன பக்கம் போனேன். லயம் வந்தது. ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள், கதவுக்கு மேலே தாரில் எழுதிய எண்கள். ஏழாம் எண் கதவு திறந்திருந்தது. லீவு நாள், வாசலில் உட்கார்ந்து ஓர் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"காலேஜுல இருந்து வர்றனுங்கம்மா" என்றேன்.

"வா தாயி, உள்ள வா. வெயிலு என்னா அடி அடிக்கி. மொதல்ல கையக் கழுவு" என்றார். அந்தத் தோட்டங்களில் அது ஒரு வழக்கம். சோற்று நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறவரை யார், எவர் என்று கேட்கமாட்டார்கள். முதலில் தட்டு, பிறகுதான் விசாரணை.

சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். கருவாட்டில் அந்த அம்மா கத்தரிக்காய் போட்டிருந்தார். இரண்டாவது முறை சோறு வாங்கியபோது என் கோபம் போயே போய்விட்டது. மாம்பழப் பையை அவரிடம் கொடுத்தேன். அப்புறம் வாயை மூட முடியவில்லை. தோழியின் முகத்துக்கு நேரே நான் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அவள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

"உங்க பொண்ணு இல்லாட்டி அந்த மெசினே இல்லீங்கம்மா. நாலு போர்டும் அவ ஒருத்தியே செஞ்சது. கண்ணுக்குத் தெரியாத கம்பியெல்லாம் கையாலயே பத்த வெச்சிருக்கறா. ஒண்ணுகூட இதுவரைக்கும் உட்டுப்போனதில்லீங்க. எங்க காலேஜ்ல பெரிய படிப்புப் படிச்சவிய எல்லாம் சந்தேகம்னா அவளத்தான் தேடி வருவாங்க. இன்னிக்கு அவமேல கோவிச்சுட்டு வந்துட்டன், தப்பு எம்மேலதான் இருக்கும்."

"அப்பிடியா தாயி" என்றார் அந்த அம்மா. கையில் கரண்டி அப்படியே நின்றது. "இன்னும் சொல்லு."

சொன்னேன். போர்டு செய்தபோது அவள் காய்ச்சலோடு வந்து வேலை பார்த்தது, ஒருமுறை லேபில் பெரியவர் ஒருவரின் வரைபடமே தப்பு என்று இவள் எடுத்துக் காட்டியது, எல்லாம். அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். மகளைப் பற்றிக் கேட்கும் எந்த அம்மாவும் அப்படித்தானே கேட்பார். மோர் குடித்து, ஏப்பம் விட்டு, விடைபெற்றுக்கொண்டு இறங்கினேன்.

அறைக்குள் நுழைந்ததும் தோழி கத்தினாள். "எங்கட்டி போன? எங்கம்மா இங்கயே வந்து தேடிட்டுப் போவுது. சோறு ஆறிப்போச்சுன்னு ஒரே பொலம்பல்."

"நான் சாப்பிட்டுத்தானே வர்றன். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்கா போட்டு."

"எங்க வீட்டுல இன்னிக்குச் சாம்பாரு."

"ஏழாம் நம்பர் வீட்டுல புள்ள."

"எந்த ஏழாம் நம்பரு? மேல் டிவிசனுக்கும் ஏழு இருக்கு, கீழ் டிவிசனுக்கும் ஏழு இருக்கு. நீ எந்தப் பக்கம் திரும்புன?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அவள் பயந்து, "மயக்கம் வருதாட்டி?" என்றாள்.

"எந்த ஏழுன்னு கேக்கவே இல்ல புள்ள" என்றேன். "என்ற கம்பைலர் எந்த ஏழுன்னு கேக்கவே இல்ல."

தண்ணீரைக் கணக்குப் போடும் வேலையை ஒரு சின்னத் துணை நிரலாகத் தனியே எழுதியிருந்தேன். மழை அளவுகள் இருக்கும் அறையின் எண்ணை அதன் கையில் கொடுத்தால், அது அங்கே போய் எடுத்துக் கணக்குப் போடும். கல்லூரியில் சோதித்தபோது மழை அளவுகளை நாடாவிலேயே வைத்து, ஒவ்வொரு போர்டின் சொந்த மெமரியிலும் ஏற்றியிருந்தோம். துணை நிரல் சொந்த மெமரிக்குப் போயிற்று, எல்லாம் சரியாக வந்தது. இங்கே மழை அளவுகள் பொது மெமரியில். கம்பைலர் அறையின் எண்ணைச் சரியாகத்தான் கொடுத்தது. ஆனால் வெறும் எண்ணை மட்டும் கொடுத்தது. எந்த மெமரி என்று சொல்லவில்லை. துணை நிரல் வழக்கம்போலச் சொந்த மெமரியில் அதே எண் அறைக்குப் போய், அங்கே பழைய சோதனைக்காக நாடாவில் வைத்து, எடுக்காமல் விட்டிருந்த கனமழையை எடுத்து, நாள் முழுக்க அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினீயர் என்ன மழை கொடுத்தாலும் அது திரும்பியே பார்க்கவில்லை. நான் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதைப் போல, நிறைந்த மனதோடு தப்பான வீட்டில் சாப்பிட்டிருக்கிறது.

தோழி முழுவதையும் கேட்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் மேஜைமேல் போர்டு ஆடிற்று. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு என்ன என்று தெரிந்துவிட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. தப்பு நம்முடையதாக இருந்தால்கூட.

சிரித்து முடித்ததும்தான் நேரம் நினைவுக்கு வந்தது. கம்பைலரைத் திருத்த வேண்டுமென்றால் கோயமுத்தூர் பெரிய கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். கார்டு அடித்து, வரிசையில் காத்திருந்து, புதிய நாடா எடுத்து மலை ஏறுவதற்குள் எஞ்சினீயர் போர்டுகளை மூட்டை கட்டியிருப்பார். பரீட்சை காலையில்.

"எண்ணு கூடவே எந்த டிவிசன்னு எழுதி அனுப்புனா?" என்றாள் தோழி.

"எங்க எழுதறது? எண்ணுக்குள்ள எடமே இல்ல."

"இருக்குட்டி. மேல்கோடிக் கம்பி சும்மாதான கெடக்கு."

அறை எண் போர்டுக்குள் கம்பிகள் வழியாகத்தான் போகும், இலக்கத்துக்கு ஒரு கம்பி. எங்கள் மெமரி சின்னது என்பதால் உச்சியில் இருந்த கடைசிக் கம்பிக்கு வேலையே இல்லை. அதில் மின்சாரம் வந்தால் 'பொது மெமரிக்குப் போ', வராவிட்டால் 'சொந்தத்துக்குப் போ' என்று அவள் போர்டில் மாற்றி இணைத்துவிட்டால், துணை நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். எண்ணே தன் ஊரைச் சொல்லிவிடும். நாடாவில் அந்த எண்ணுக்கு உச்சி இலக்கத்தை ஒன்றாக மாற்றினால் போதும்.

பூஜ்யத்தை ஒன்றாக்குவது என்றால் நாடாவில் என்ன? ஓர் ஓட்டை. இருக்கிற வரிசையில் கூடுதலாக ஓர் ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான். இதை நினைத்ததும் நான் அறைக்குள் ஒரு குதி குதித்தேன், கீழே இருந்த காவல்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

நாடா படிக்கும் மெஷின்கள் வழக்கமாக வரிசையில் எத்தனை ஓட்டை என்று எண்ணிச் சரிபார்க்கும். கூடுதலாக ஒன்று போட்டால் பிடித்துவிடும். எங்கள் மெஷினில் அந்தச் சரிபார்ப்பு இல்லை. வைக்க வேண்டும் வைக்க வேண்டும் என்று சொல்லியே ஒரு வருடம் ஓட்டியிருந்தோம். அந்தச் சோம்பலுக்கு ஒரு கோயில் கட்டிக் கும்பிடலாம்.

அவள் சால்டரிங் இரும்பைச் சூடேற்றிக்கொண்டு போர்டுகளோடு உட்கார்ந்தாள். நான் நாடாவைத் தரையில் விரித்துக்கொண்டு கையால் ஓட்டை போடும் பஞ்ச் கருவியோடு உட்கார்ந்தேன். பொது மெமரி அறையின் எண் எங்கெல்லாம் துணை நிரலின் கைக்குப் போகிறதோ, அந்த வரிசையைக் கண்டுபிடித்து, மூச்சைப் பிடித்து ஓர் அழுத்து. போர்டின் சொந்த அறை எண்ணைக் கொடுக்கும் இடங்களும் நடுநடுவே வரும், அவற்றைத் தொடக் கூடாது. ஓட்டை போடலாம், போட்ட ஓட்டையை எடுக்க முடியாது. ஓரிடத்தில் கை முந்திவிட்டது, சொந்த எண்ணுக்குப் போட்டுவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோழி தன் தீய்ந்த விரலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒட்டிவிட்டிருந்த பிளாஸ்திரியை உரித்து, ஓரத்தில் பொட்டளவு வெட்டி, அந்த ஓட்டையின்மேல் ஒட்டினாள்.

"மாம்பழம் எங்கட்டி?" என்றாள், ஒட்டிக்கொண்டே.

"அங்கியே குடுத்துட்டன்."

"போச்சு. எங்கம்மாவுக்கு மாம்பழம்னா உசிரு. நாளைக்கு ஒன்ன வெளக்குமாத்தால அடிக்கப் போவுது."

வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டோம். ஆனால் ஓட்டிப் பார்க்கவில்லை; கட்டடத்தைப் பூட்டக் காவல்காரர் வந்து நின்றார். நாடாவை டின்னில் போட்டுக்கொண்டு நான் மூணாறில் ஒரு தெரிந்த வீட்டில் தங்கப் போனேன். கொடுத்த சோறு இறங்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

காலையில் எஞ்சினீயர் வந்தார். தோழி கொஞ்சம் பிந்தித்தான் வந்தாள், கண் வீங்கியிருந்தது. ஏன் என்று கேட்க நேரமில்லை. நாடா ஓடியது. பிளாஸ்திரி ஒட்டிய இடம் வந்தபோது லேசாகத் தயங்கி, உள்ளே போய்விட்டது. எஞ்சினீயர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் கொடுத்தார்.

விளக்குகள் மின்னின. நான்கு ஓடையிலும் கோடைக்காலத்து மெல்லிய ஒழுக்கு. வெள்ளம் இல்லை.

அவர் முதல் ஓடைக்கு மட்டும் கனமழை கொடுத்தார். முதல் ஓடை ஏறிற்று, மற்ற மூன்றும் அசையவில்லை. பிறகு மூன்றாவதுக்குக் கொடுத்தார். அதுவும் ஏறிற்று. பிறகு நான்குக்கும் நான்கு விதமாகக் கொடுத்தார், போன வருடத்து மழைதான், விடை அவர் சட்டைப் பையில் இருந்தது. நான்கு போர்டும் ஒரே நேரத்தில் நான்கு விடை சொல்லின. அவர் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். நான் தோழியின் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன். பிளாஸ்திரி உரித்த விரல், பாவம், அவள் கத்தக்கூட இல்லை.

"இது இவிடெத்தன்னே இரிக்கட்டே" என்றார். அப்புறம் தோழியைப் பார்த்து, "நோக்கான் ஒராள் வேணம். நாளெ முதல் வரூ" என்றார்.

இங்கேயே இருக்கட்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், நாளை முதல் வா. எனக்குத் தெரிந்த மலையாளத்திலேயே மிக அழகான வாக்கியம் அதுதான். படிகளில் ஓடி இறங்கினோம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வரட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும் என்று இருந்தது எனக்கு. பாதை பிரியும் இடத்தில் அவள் என் பின்கழுத்தைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பினாள்.

கீழ் டிவிசன் ஏழாம் எண் வீட்டில் அவள் அம்மா அடுப்படியில் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்காகக் கொழுந்தை இறக்கிவிட்டு வந்திருந்தார், செடி கீறாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. என்னை உட்காரவைத்து ஒரு தட்டை நீட்டினார். தட்டில் நறுக்கிய மாம்பழம். பக்கத்தில் மடித்து வைத்திருந்தது என் மஞ்சப்பை.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"மேல் டிவிசன் ஏழாம் நம்பர்க்காரி நேத்துச் சாயங்காலமே கொண்டாந்து குடுத்துட்டுப் போனா தாயி. நீ வாயத் தொறந்ததுமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சாம், யாரு வீட்டு விருந்தாளின்னு. இந்தத் தோட்டத்துல கம்பி பத்த வைக்கிற புள்ள எம்மவ ஒருத்திதான. சாப்புடுற புள்ளய நடுவுல எழுப்பக் கூடாதுன்னு இருந்துருக்கா. அவளுக்குப் பொம்பளப் புள்ள கெடையாது. நீ சொன்னதக் கேக்க நல்லா இருந்துச்சாம், அதான் இன்னும் சொல்லுன்னு கேட்டாளாம்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழத்தக் குடுத்துட்டு, இது ஒனக்குச் சேர வேண்டியது, அந்தப் புள்ள சொன்னதும் ஒனக்குச் சேர வேண்டியதுன்னு, நீ சொன்னது அத்தனையும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டுப் போனா. காச்சலோட வேல பாத்தது வரைக்கும். எம்மவ எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல."

தோழி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் கண் ஏன் வீங்கியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேச்சை மாற்றுவதற்காக, நல்ல சேதியை நானே முந்திக்கொண்டு சொன்னேன்: மெஷின் இங்கேயே இருக்கப்போகிறது, நாளையிலிருந்து உங்கள் மகளுக்கு அங்கே வேலை, இனிமேல் நீங்கள் கங்காணியிடம் அவள் பேரைக் கொடுக்க வேண்டாம்.

"அதக் காலையிலயே சொல்லிட்டேன் தாயி" என்றார் அம்மா, இன்னொரு துண்டு மாம்பழத்தை என் தட்டில் வைத்துக்கொண்டே. "வேலைக்கு ஏறும்போதே கங்காணிகிட்டச் சொல்லிட்டுத்தான் ஏறுனேன். எம்மவ பேரு இந்தத் தோட்டத்துல ஏறாதுன்னு."

"காலையிலயா? மெசின் ஓடுமான்னு அப்பத் தெரியாதேம்மா. ஓடாமப் போயிருந்தா இந்த வீடு?"

"போயிருந்தாப் போவுது" என்றார். "சாப்புடு."

வெளியே ஓட்டின்மேல் முதல் துளிகள் விழுந்தன. தோழி கையைக் கழுவாமல்கூட எழுந்து, மெஷினுக்கு மழையைக் கொடுக்கக் கீழே ஓடினாள்.